தடம் மாறிய நான்கு த்ராஷ் ஆல்பங்கள்: எதை முதலில் கேட்பது?

வேகமும் ஆவேசமும் மிகுந்த ராக் இசை வகையான த்ராஷ் மெட்டலை நேசிப்பவர்களுக்கு 1986 ஒரு பொற்காலம். மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’, ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் ப்ளட்’, ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து இளைஞர்களான கிரியேட்டரின் ‘ப்ளெஷர் டு கில்’ ஆகிய நான்கும் அந்த ஒரே ஆண்டில் வெளிவந்தன. பத்தாண்டுகள் கழித்து, 1996க்கும் 1999க்கும் இடையில், இதே நான்கு குழுக்களும் தாங்கள் வகுத்த தடத்தைவிட்டு விலகி ஆளுக்கொரு ஆல்பத்தை வெளியிட்டன. ‘லோட்’, ‘ரிஸ்க்’, ‘எண்டோராமா’, ‘டயபோலஸ் இன் மியூசிகா’ என்ற அந்த நான்கைப் பற்றியும் கேட்டவர்களின் கருத்து இன்றளவும் ஒன்றுபடவில்லை. ஒருவர் துரோகம் என்று ஒதுக்கியதை இன்னொருவர் அக்குழுவின் முதிர்ச்சி என்று கொண்டாடுகிறார்.

பழைய ஆல்பங்களை நன்றாகக் கேட்டுப் பழகிய பிறகு இந்தப் பக்கம் வரும் ஒருவர், இத்தனை முரண்பட்ட கருத்துகளுக்கு நடுவே எதை முதலில் எடுப்பது என்று திகைத்துப்போவது இயல்பு. நான்கையும் வரிசையாகக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் பொருந்தாத ஒன்றில் தொடங்கியவர் மற்ற மூன்றையும் கேட்காமலே கைவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே முதல் தேர்வு சரியாக அமைவது அவசியம்.

## எதை வைத்து அளப்பது?

கேட்டவர்கள் பெரும்பாலும் ‘எவ்வளவு தூரம் விலகினார்கள்’ என்ற ஒரே கோலை வைத்துத்தான் இவற்றை அளக்கிறார்கள். அந்தக் கோல் போதாது என்பதே என் கருத்து. மிகத் தொலைவுக்குப் போனவர்கள் நல்ல ஆல்பத்தோடு திரும்பியதும் உண்டு. பக்கத்திலேயே நின்றவர்கள் அரைமனதோடு வாசித்ததும் உண்டு. அதனால் வேறு நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, த்ராஷில் உங்களைப் பிடித்து இழுத்தது எது என்பது. வேகமா, திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கான ரிஃப்பின் கூர்மையா, பாடகரின் குரலா, இடையிடையே தலைகாட்டும் மெல்லிசையா? ஒவ்வொரு ஆல்பமும் இவற்றில் சிலவற்றைக் கைவிட்டு வேறு சிலவற்றை வளர்த்திருக்கிறது. இரண்டாவது, மாற்றம் குழுவின் உள்ளிருந்து வந்ததா, வெளியார் தூண்டுதலால் வந்ததா என்பது. இது பாடல்களிலேயே கேட்கும். மூன்றாவது, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஆல்பம் ஒரே மூச்சாக நிற்கிறதா என்பது. நான்காவது, அது உங்களிடம் கேட்கும் விலை. பணத்தை மட்டும் சொல்லவில்லை. நேரமும், எந்தப் பதிப்பு கைக்கு வருகிறது என்பதும் அதில் சேரும்.

| ஆல்பம் | ஆண்டு | எதை விட்டது | எதைப் பிடித்தது | அடுத்து வந்தது |
|---|---|---|---|---|
| மெட்டாலிக்கா: லோட் | 1996 | வேகம் | ப்ளூஸ், அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக், நாட்டுப்புறச் சாயல் | ரீலோட் (1997) |
| ஸ்லேயர்: டயபோலஸ் இன் மியூசிகா | 1998 | இடைவிடாத பாய்ச்சல் | கனத்த, தாழ்ந்த சுருதி, தாள அசைவு | காட் ஹேட்ஸ் அஸ் ஆல் (2001) |
| மெகாடெத்: ரிஸ்க் | 1999 | சிக்கலான ரிஃப்கள் | வானொலிக்கேற்ற ராக் | தி வேர்ல்ட் நீட்ஸ் எ ஹீரோ (2001) |
| கிரியேட்டர்: எண்டோராமா | 1999 | அலறல், வேகம் | இருளும் சோகமும் படிந்த காதிக் மெட்டல், தெளிந்த குரல் | வயலன்ட் ரெவல்யூஷன் (2001) |

கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். மூன்று குழுக்கள் 2001இல் பழைய தடத்தை நோக்கித் திரும்பின. மெட்டாலிக்கா மட்டும் மறு ஆண்டே அதே வழியில் இன்னொரு ஆல்பத்தைத் தந்தது. ‘லோட்’ பற்றிய சண்டை மற்ற மூன்றைவிடப் பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றவற்றை ஒரு சறுக்கல் என்று மன்னித்துவிட முடிந்த ரசிகர்களால் இதை அப்படி மன்னிக்க முடியவில்லை.

## மெட்டாலிக்கா: லோட்

‘லோட்’ வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பில் பாதி இசையைப் பற்றியதே அல்ல. நால்வரும் முடியை வெட்டிக்கொண்டது, ஆன்டன் கார்பைன் எடுத்த ஒப்பனைப் படங்கள், மாற்றப்பட்ட எழுத்துரு, ஆன்ட்ரெஸ் செர்ரானோவின் கலைப்படைப்பை அட்டையாக வைத்தது என ஒவ்வொன்றும் ரசிகர்களைச் சீண்டியது. அந்தக் கோபத்தை அன்று நேரில் உணர்ந்தவர்களின் கருத்தில் அது இன்னும் கலந்தே இருக்கிறது. இப்போது புதிதாகக் கேட்பவருக்கு அந்தச் சுமை இல்லை. அந்த வகையில் அவர் கொடுத்துவைத்தவர்.

இசையில் நிகழ்ந்த மாற்றம் உண்மையானது. வேகம் போய்விட்டது. சுருதியை அரைக் கட்டை இறக்கியிருக்கிறார்கள். அதுவரை ஆல்பங்களில், பாட்டின் அடித்தளமான ரிதம் கிட்டார் முழுவதையும் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே அடுக்கடுக்காக வாசித்துப் பதிவுசெய்வது வழக்கம். இதில் குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான கிர்க் ஹேமட்டும் ரிதம் வாசித்தார். இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் பழைய மெட்டாலிக்காவின் இரும்புச் சுவர் போன்ற ஒலி ஒரே மனிதனின் வலக்கை பலமுறை பதிவானதால் பிறந்தது என்பதை நினைத்தால், இங்கே ஒலி ஏன் தளர்ந்து, இரண்டு பேர் உரையாடுவது போல மாறியது என்பது விளங்கும். சிலருக்கு அந்தத் தளர்ச்சி பிடிக்கவில்லை. எனக்கு அதில்தான் இந்த ஆல்பத்தின் உயிர் இருப்பதாகத் தோன்றுகிறது.

மாற்றம் உள்ளிருந்து வந்ததா என்ற கேள்விக்கு இங்கே தெளிவான விடை உண்டு. ஹெட்ஃபீல்டின் தாய் புற்றுநோயால் இறந்தவர்; மருத்துவத்தை ஏற்காத மத நம்பிக்கை கொண்ட குடும்பம் அது. ‘அன்டில் இட் ஸ்லீப்ஸ்’, ‘மாமா செட்’ ஆகிய பாடல்கள் அந்தத் துயரத்திலிருந்து எழுந்தவை. அவற்றை ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் ‘பேட்டரி’ பாடலின் வேகத்தில் பாடியிருக்க முடியாது. நிதானமான இசை அவர் குரலுக்கு இடம் கொடுத்தது. தொடர்ந்து உறுமிக்கொண்டிருந்த ஒருவர் இங்கே பாட ஆரம்பிக்கிறார். ‘ப்ளீடிங் மீ’, ‘தி அவுட்லா டோர்ன்’ என்ற இரண்டு நீண்ட பாடல்கள் மெட்டாலிக்காவின் எந்தக் காலத்துப் பாடலோடும் தோளோடு தோள் நிற்கத் தகுந்தவை என்று உறுதியாகச் சொல்வேன்.

இதன் மறைமுக விலை நேரம். பதினான்கு பாடல்கள், ஒரு நொடி குறைய 79 நிமிடங்கள். அதே நேரத்தில் ‘ரெய்ன் இன் ப்ளட்’டை இரண்டரை முறைக்கும் மேல் கேட்டுவிடலாம். குறுந்தகட்டின் கொள்ளளவை முழுமையாக நிரப்பியதால் ‘தி அவுட்லா டோர்ன்’ பாடலின் இறுதியில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தை வெட்டவேண்டி வந்தது. ஆனால் ‘க்யூர்’, ‘பூவர் ட்விஸ்டட் மீ’, ‘ரானி’ போன்றவை அந்த ஒரு நிமிடத்தின் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே நிற்கின்றன. ‘லோட்’, ‘ரீலோட்’ இரண்டிலும் சிறந்ததைத் தெரிந்தெடுத்தால் ஓர் அருமையான ஆல்பம் கிடைத்திருக்கும் என்பது கேட்டவர்கள் பலரும் சொல்லும் கருத்து. அதை நானும் மறுக்கவில்லை.

பாடகரின் குரலுக்காகவும் சொற்களுக்காகவும் மெட்டல் கேட்பவர்களுக்கு, 1991இன் கறுப்பு ஆல்பம் வழியாக மெட்டாலிக்காவுக்குள் நுழைந்தவர்களுக்கு, இதுவே நல்ல தொடக்கம். ரிஃப்பின் வேகத்துக்காக மட்டும் வருபவர் இதை முதலில் எடுத்தால் ஐந்தாவது பாட்டுக்குள் நிறுத்திவிடுவார்.

## மெகாடெத்: ரிஸ்க்

இந்த ஆல்பத்தின் பெயருக்கே ஒரு கதை உண்டு. மெகாடெத் இன்னும் துணிந்து இறங்கவேண்டும் என்ற பொருளில் மெட்டாலிக்காவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் சொன்ன ஒரு கருத்திலிருந்து பிறந்த தலைப்பு அது. 1983இல் மெட்டாலிக்காவிலிருந்து நீக்கப்பட்டு மெகாடெத்தை உருவாக்கிய டேவ் முஸ்டெய்ன், பதினாறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு சொல்லுக்கு ஆல்பத்தால் பதில் சொல்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடை தலைப்பிலேயே இருக்கிறது: இந்த மாற்றத்தின் வேர் வெளியில் இருந்தது.

நாஷ்வில் நகரத்தின் தேர்ந்த கிட்டார் கலைஞரான டான் ஹஃப் தயாரித்தார். 1997இன் ‘க்ரிப்டிக் ரைட்டிங்ஸ்’ ஆல்பத்தையும் அவரே தயாரித்திருந்தார். அதில் வானொலியில் கிடைத்த வரவேற்பை இன்னும் பெரிதாக்கும் முயற்சி இது. ‘க்ரஷ் எம்’ பாடல் விளையாட்டு அரங்கில் கூட்டம் சேர்ந்து கத்துவதற்கென்றே செய்யப்பட்டது போல ஒலிக்கும். தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சியிலும் ஒரு ஹாலிவுட் திரைப்படத்திலும் அது பயன்படுத்தப்பட்டது. கேட்டவர்கள் இந்த ஆல்பத்தின் மீது கொண்ட கோபமெல்லாம் அந்த ஒரு பாட்டின் தலையில் வந்து விழுந்தது.

அதனால் மற்ற பாடல்களுக்கு நியாயம் கிடைக்காமல் போயிற்று. கீழைநாட்டுச் சாயலுள்ள தந்தி இசையோடு தொடங்கும் ‘இன்சோம்னியா’வில் தூக்கமின்மையின் பதற்றம் நன்றாக வந்திருக்கிறது. ‘வாண்டர்லஸ்ட்’ நல்ல மெட்டு. ‘ப்ரெட்லைன்’ தெளிவான, இனிய ராக் பாடல். முஸ்டெய்னே பின்னாளில், இது வேறொரு பெயரில் வெளிவந்திருந்தால் நல்ல வரவேற்பைப் பெற்றிருக்கும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அதில் உண்மை இருக்கிறது என்றாலும் அது முழு உண்மை அல்ல. வேறு பெயரில் வந்திருந்தாலும் இதன் அடிப்படைக் குறை மாறியிருக்காது. ஒரு பாடல் ஆட்ட அரங்குக்கு, ஒரு பாடல் வானொலிக்கு, ஒன்று பழைய ரசிகருக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசலைத் தட்டுவதால் ஆல்பம் ஒரே மூச்சாக நிற்பதில்லை. இதுவே கிட்டார் கலைஞர் மார்ட்டி ஃபிரீட்மேனின் கடைசி மெகாடெத் ஆல்பம். 2000இன் தொடக்கத்தில் அவர் விலகினார். ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தில் அவர் விரல்கள் செய்ததை அறிந்தவர்களுக்கு, இங்கே அவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு சுருங்கியது என்பது வலிக்கும்.

மறைமுக விலை பதிப்பில் இருக்கிறது. 2004இல் முஸ்டெய்ன் தம் குழுவின் பழைய ஆல்பங்களை மறுகலவை செய்து வெளியிட்டபோது இதுவும் மாற்றப்பட்டது. 1999இல் கேட்டவரும் பின்னர் 2004 பதிப்பைக் கேட்டவரும் ஒரே ஆல்பத்தைப் பற்றி வாதிடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு ஒலிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். வாங்குவதற்கு முன் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் அன்று எதை எதிர்த்தார்கள் என்று அறிய விரும்பினால் முதல் பதிப்பே தேவை.

மெகாடெத்தின் வரலாற்றை முழுமையாகப் பின்தொடர்பவருக்கு இது தவிர்க்கக்கூடாத ஆல்பம். முதல் தேர்வாக யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## கிரியேட்டர்: எண்டோராமா

நான்கில் மிகத் தொலைவுக்குப் போனது இதுதான். மெட்டாலிக்காவும் மெகாடெத்தும் ஏற்கெனவே மெல்லிசையும் மெதுநடைப் பாடல்களும் பழகிய குழுக்கள். அவற்றின் விலகல் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனது போன்றது. கிரியேட்டரின் மில்லே பெட்ரோட்ஸாவோ, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் அலறலுக்குப் பெயர்பெற்றவர். அவர் இந்த ஆல்பத்தில் தெளிந்த, தாழ்ந்த, சோகம் படிந்த குரலில் பாடுகிறார். தலைப்புப் பாடலில் லாக்ரிமோசா குழுவின் டிலோ வோல்ஃப் அவரோடு சேர்ந்துகொள்கிறார். ஜெர்மனியின் காதிக் இசை வட்டத்தோடு இவ்வளவு நேரடியாகக் கைகோத்த இன்னொரு முதல்நிலை த்ராஷ் ஆல்பம் என் நினைவுக்கு வரவில்லை.

திடீரென்று நிகழ்ந்ததும் அல்ல இது. 1992இன் ‘ரின்யூவல்’ தொழிற்சாலை இரைச்சலின் பக்கம் சாய்ந்தது. 1997இன் ‘அவுட்காஸ்ட்’ நடையைத் தளர்த்தியது. ஏழாண்டுத் தேடலின் முடிவில் ‘எண்டோராமா’ வந்தது. சுவிட்சர்லாந்தின் கொரோனர் குழுவிலிருந்து வந்த டாமி வெட்டர்லியின் கிட்டார் இந்தத் தேடலுக்குப் பெருந்துணையாக இருந்தது. வேகத்தைக் கைவிட்ட இடத்தை அவர் வெற்றிடமாக விடாமல், ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்த நிறம் கொடுக்கும் சிறுசிறு இழைகளால் நிரப்புகிறார். ‘கோல்டன் ஏஜ்’ தொடங்கியதும் ஒரு மாலை நேர இருள் கவிகிறது. கடைசிவரை அது விலகுவதில்லை. ‘எவர்லாஸ்டிங் ஃபிளேம்’ பாட்டை இரவில், விளக்கணைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்களின் முக்கியமான குறை ஒன்று உண்டு. பெட்ரோட்ஸா பயிற்சி பெற்ற பாடகர் அல்ல. நீண்ட சுரங்களைப் பிடித்து நிற்கும்போது குரல் சற்று நடுங்குகிறது. அது உண்மைதான். ஆனால் அந்த நடுக்கம் பாடல்களின் துயரத்தோடு பொருந்திப்போகிறது என்பது என் அனுபவம். இன்னொரு குறை, இது பிற காதிக் குழுக்களின் நடையைப் பின்பற்றுவது என்பது. தனித்தனிப் பாடலாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல இடமுண்டு. முழுவதையும் கேட்டவர் அப்படிச் சொல்வது கடினம், ஏனெனில் ரிஃப்களின் எலும்பு இன்னும் கிரியேட்டருடையதே.

நான் இதை உயர்த்திப் பிடிப்பதற்கு அடுத்து நிகழ்ந்ததும் ஒரு காரணம். 2001இல் ‘வயலன்ட் ரெவல்யூஷன்’ வழியாக அவர்கள் த்ராஷுக்குத் திரும்பினார்கள். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அதிலும் அதற்குப் பின்வந்த ஆல்பங்களிலும் ரிஃப்களுக்கு நடுவே எழும் இரட்டைக் கிட்டார் மெட்டுகளில் ‘எண்டோராமா’ ஆண்டுகளின் பாடம் கேட்கிறது. 1986இன் கிரியேட்டரை மட்டும் அறிந்தவருக்கு 2001இன் கிரியேட்டர் எப்படி உருவானது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

விலை என்று பார்த்தால், இதை ட்ராக்கர் என்ற நிறுவனம் வெளியிட்டது. குழுவின் பெயரை நிலைநாட்டிய எண்பதுகளின் ஆல்பங்களோ நாய்ஸ் நிறுவனத்துடையவை. எனவே பழைய ஆல்பங்கள் கிடைக்கும் தொகுதிகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம், தனியாகத் தேடவேண்டும். மெல்லிசைக்காகவும் சூழலுணர்வுக்காகவும் கேட்பவருக்கு, ஓர் ஆல்பத்தை ஒரே அமர்வில் முழுதாகக் கேட்கும் பொறுமையுள்ளவருக்கு, நான்கில் இதுவே என் முதல் பரிந்துரை.

## ஸ்லேயர்: டயபோலஸ் இன் மியூசிகா

‘இசையில் உள்ள சாத்தான்’ என்று பொருள்படும் இந்த லத்தீன் தொடர், ஐரோப்பிய இசையில் ஒரு குறிப்பிட்ட சுர இடைவெளிக்கு வழங்கிய பெயர். நம் முறையில் சொன்னால் சட்ஜமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையிலுள்ள தொலைவு அது. கல்யாணியில் நெஞ்சை உருக்கும் அதே இடைவெளியை ஸ்லேயரின் கிட்டார் கலைஞர் ஜெஃப் ஹானமன் அச்சமூட்டுவதற்குப் பயன்படுத்துகிறார் என்பது இசை அறிந்தவர்களுக்கு வியப்பூட்டும்.

விலகல் மிகக் குறைவு. வழக்கத்தைவிட ஒரு கட்டை தாழ்ந்த சுருதியில் பெரும்பாலான பாடல்களை அமைத்து, ஹிப்-ஹாப் தாளம் கலந்த அன்றைய நு-மெட்டல் அலையின் தாள அசைவை ஓரளவு ஏற்றிருக்கிறார்கள். ‘ஸ்டெய்ன் ஆஃப் மைண்ட்’, ‘லவ் டு ஹேட்’ ஆகியவற்றில் அது வெளிப்படை. ‘பிட்டர் பீஸ்’, ‘ஸ்க்ரம்’ இரண்டும் பழைய பாய்ச்சலைக் காக்கின்றன. இசையின் பெரும்பகுதி ஹானமனுடையது. இந்தத் திசையில் குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான கெர்ரி கிங்குக்கு நிறைவில்லை என்பதை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். குழுவின் பாதி மனம் அதில் இல்லை என்பது இடைப்பகுதிப் பாடல்களில் தெரிகிறது. பால் போஸ்டாஃபின் டிரம்ஸ் மட்டும் எங்கும் சோர்வதில்லை.

ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் முடிந்துவிடுவதால் நேரச் செலவு குறைவு. ரிஃப்பையும் வலிமையையும் விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் இதில் தொடங்கலாம். அதேநேரம், புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டடையும் ஆவலோடு வருபவருக்கு இது மிகக் குறைவாகவே தரும்.

## இன்னும் முடிவெடுக்க இயலவில்லை என்றால்

நான்கு பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் பழகுங்கள்: ‘ப்ளீடிங் மீ’, ‘இன்சோம்னியா’, ‘எவர்லாஸ்டிங் ஃபிளேம்’, ‘பிட்டர் பீஸ்’. எந்தப் பாட்டின் மெட்டு வேலைக்கு நடுவே தானாக நாவில் வருகிறதோ, அந்த ஆல்பத்தில் தொடங்குங்கள். அது ‘லோட்’ ஆக இருந்தால், பதினான்கையும் ஒரே அமர்வில் கேட்க முயலவேண்டாம்; ‘அன்டில் இட் ஸ்லீப்ஸ்’ தொடங்கி ‘ப்ளீடிங் மீ’ வரை ஒருநாள், மீதியை மறுநாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ‘ப்ளீடிங் மீ’, ‘தி அவுட்லா டோர்ன்’ இரண்டையும் 1999இல் சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபனி இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்த பதிவும் இருக்கிறது. ஆல்பத்தில் பிடிபடாதது சிலருக்கு அங்கே பிடிபட்டிருக்கிறது. வெட்டுப்படாத ‘தி அவுட்லா டோர்ன்’ கேட்க விரும்புபவர்கள் ‘லோட்’ தட்டில் தேடிப் பயனில்லை. அது ‘தி மெமரி ரிமெய்ன்ஸ்’ பாட்டின் தனித்தட்டில், பத்தே முக்கால் நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலான நீளத்தில், முழுதாக இருக்கிறது.